‘என்னால் முடியும்’ என்று எப்போது சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, உடற்குறையுடன் வாழ்பவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் எழுதியவை. நான்கும் வெவ்வேறு கோணங்களிலிருந்து தன்னம்பிக்கையைப் பற்றியே கேட்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியுள்ளேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தேன். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலப்பக்கம் பலவீனமாகிவிட்டது. இப்போது கைத்தடியுடன் நடக்கிறேன். பேச்சு திரும்பிவிட்டது, வலக்கைதான் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ‘என்னால் எல்லாம் முடியும்’ என்று பத்து முறை சொல்லும்படி என் மைத்துனர் வற்புறுத்துகிறார். நானும் சொல்கிறேன். சொல்லி முடித்த கையோடு சட்டைப் பொத்தான் போட முடியாமல் மனைவியைக் கூப்பிடுகிறேன். அந்த நேரத்தில் என்மீதே எனக்கு வெறுப்பு வருகிறது. நம்பிக்கையை வளர்த்துக்கொள்ள வேறு வழி உண்டா, அல்லது குறை என்னிடம்தானா?
– ஈசூன் வாசகர், வயது 47

பதில்: குறை உங்களிடம் இல்லை. மைத்துனரின் அக்கறையிலும் குறை இல்லை. அவர் காட்டிய வழிதான் உங்களுடைய இன்றைய நிலைக்குப் பொருந்தவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இதைப் பற்றியதுதான். ‘நான் அன்புக்குரியவர்’ என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏற்கெனவே தங்களை உயர்வாக மதித்தவர்களுக்குச் சிறிதளவு நன்மை கிடைத்தது. தங்களைத் தாழ்வாக எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கோ மனநிலை மேலும் தாழ்ந்தது. வாய் ஒன்றைச் சொல்லும்போது அது உண்மையில்லை என்பதற்கான சாட்சிகளை மனம் உடனே தேடத் தொடங்கிவிடுகிறது. உங்களுக்கு அந்தச் சாட்சி சட்டைப் பொத்தானின் வடிவத்தில் அடுத்த நிமிடமே வந்து நிற்கிறது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதியதிலிருந்து கிளைத்தது. ஒரு குறிப்பிட்ட செயலைத் தம்மால் செய்து முடிக்க முடியும் என்ற எண்ணத்துக்கு அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: தாமே அதைச் செய்து முடித்த அனுபவம், தம்மைப் போன்ற நிலையில் உள்ள ஒருவர் அதைச் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச்சொல், செய்யும் நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் செய்து முடித்த அனுபவமே மிகவும் வலியது என்பது அவருடைய முடிவு. தன்முனைப்புக் கூட்டங்களில் நாம் கைதட்டி வரவேற்பது பெரும்பாலும் ஊக்கச்சொல்லை மட்டுமே. அவர் பேசியது ‘குறிப்பிட்ட செயல்’ பற்றி என்பதையும் கவனியுங்கள். ‘எல்லாம் முடியும்’ என்பது எந்த மனிதருக்கும் உண்மையில்லை. ஒலிம்பிக் வீரருக்கும் இல்லை.

ஆகவே கண்ணாடியை விட்டுவிட்டுப் பொத்தானுக்கே வாருங்கள். ஒரு கையால் சட்டை அணிவதற்கென்று முறை இருக்கிறது. பலவீனமான கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, தோள்வரை ஏற்றிவிட்டு, பிறகு நல்ல கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வரவேண்டும். பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டால் இரு பக்கமும் ஏறுமாறாகாமல் நேராக அமையும். மரப்பிடியில் கம்பி வளையம் பொருத்திய ஒரு சிறு கருவி இருக்கிறது. அதைத் துளைக்குள் விட்டுப் பொத்தானை இழுத்துவிடலாம். இதையெல்லாம் பழக்கித் தருவது தொழில்வழி சிகிச்சையாளரின் வேலை. உங்கள் சிகிச்சை நடையோடு நின்றுவிட்டிருந்தால், அன்றாட வேலைகளுக்கான பயிற்சி வேண்டும் என்று மருத்துவரிடம் வாய்திறந்து கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்குப் பின்னர் கதவு மூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேகம் குறைந்த பின்பும் பயிற்சியால் கைகூடுபவை பல உண்டு. கை திரும்பாத இடங்களில் மாற்று முறைகள் கைகொடுக்கும்.

வேலையை எந்த அளவில் வெட்டுகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரவு சரியாகத் தூங்காத, உடல் கனக்கும் ஒரு நாளிலும் முடிக்கக்கூடிய அளவுக்கு முதல் இலக்கு சிறியதாக இருக்கட்டும். முழுச் சட்டையும் வேண்டாம், கடைசி இரண்டு பொத்தான்கள் போதும். மீதியை மனைவி போடட்டும். அவரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வையுங்கள்: நீங்கள் கூப்பிடும்வரை அவர் கை நீட்டக்கூடாது. அன்புள்ளவர்களுக்கு இது மிகக் கடினமான காரியம். ஒரு குறிப்பேட்டில் இடக்கையால், எழுத்து கோணலாக இருந்தாலும் சரி, அன்று செய்து முடித்ததை ஒரு வரியில் எழுதுங்கள். மனம் சோர்ந்திருக்கும் நாளில் நினைவு ஒருதலைப்பட்சமாகத்தான் பேசும். அப்போது எழுத்தில் இருப்பது உதவும்.

தன்னோடு தானே பேசுவதை விட்டுவிடச் சொல்லவில்லை, உண்மையைப் பேசச் சொல்கிறேன். ‘சென்ற வாரம் ஒரு பொத்தானுக்கே திணறினேன், இன்று இரண்டு போட்டேன்’ என்ற வாக்கியத்தை மனம் மறுக்க முடியாது. இன்னொன்றையும் முயன்று பாருங்கள். ‘நான்’ என்று தொடங்காமல் உங்கள் பெயரைச் சொல்லி, ‘நீ’ என்று உங்களையே விளித்துப் பேசுங்கள். ஈதன் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், இப்படித் தம்மையே பெயரிட்டு அழைத்துப் பேசியவர்கள் பதற்றமான நேரங்களை ஓரளவு நிதானமாகக் கடந்தார்கள். நமக்கு இது புதிதன்று. பொருள் தேடிப் போவதா, தலைவியின் அருகே இருப்பதா என்று தடுமாறும் சங்க இலக்கியத் தலைவன் தன் நெஞ்சை எதிரில் நிறுத்தித்தான் வழக்காடுகிறான்.

ஒரு விஷயத்தை மட்டும் தன்னம்பிக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்புக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டு, ‘என்மீதே வெறுப்பு’ என்று நீங்கள் எழுதியது நாள்முழுதும் நீடித்தால், பலதுறை மருந்தகத்தில் அதைச் சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் சிங்கப்பூரின் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அது சிகிச்சை தேவைப்படும் நோய். மன உறுதியைக் கூட்டிச் சரிசெய்யும் விஷயம் அன்று.

கேள்வி: எனக்குச் செவித்திறன் குறைவு, இரண்டு காதுகளிலும் கருவி அணிகிறேன், கணக்காளராக வேலை செய்கிறேன். நான் உறுப்பினராக உள்ள சமூக அமைப்பு ஆண்டுதோறும் என்னை மேடையேற்றி, ‘தன்னம்பிக்கையின் மறு உருவம்’ என்று பொன்னாடை போர்த்துகிறது. ஆனால் அதே அமைப்பின் செயற்குழுக் கூட்டங்களில் என் முகம் பார்த்துப் பேச ஒருவரும் மெனக்கெடுவதில்லை. இந்த ஆண்டு மறுத்துவிட நினைக்கிறேன். திமிர் என்பார்களா?
– செராங்கூன் வாசகி

பதில்: சிலர் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள்.

காலையில் எழுந்து வேலைக்குப் போவதற்காக ஒருவரைப் பாராட்டுவது, அவரிடம் நாம் எவ்வளவு குறைவாக எதிர்பார்த்தோம் என்பதைத்தான் காட்டுகிறது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னி மேடையொன்றில் இதைத்தான் நகைச்சுவையும் கோபமும் கலந்து பேசினார். உடற்குறை இல்லாதவர்கள் தங்கள் வாழ்க்கை பரவாயில்லை என்று ஆறுதல் கொள்வதற்கான காட்சிப்பொருளாக உடற்குறையுள்ளோர் ஆக்கப்படுகிறார்கள் என்பது அவருடைய வாதம். (சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் கண்டவள் என்ற முறையில் நானும் அப்படிப் பல பொன்னாடைகளை வாங்கியிருக்கிறேன். அலமாரியில் இடத்தை அடைப்பதைத் தவிர அவற்றால் இதுவரை வேறு பயன் கிட்டவில்லை.)

மறுக்கும்போது கூடவே ஒரு பட்டியலையும் கொடுங்கள். கூட்டத்தில் ஒருவர் பேசி முடித்தபின் அடுத்தவர் பேசுவது, பேசுபவர் கையால் வாயை மறைக்காதிருப்பது, பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலியைத் திரையில் ஓட விடுவது, முடிவுகளை அன்றே எழுத்தில் அனுப்புவது ஆகியவை போதும். இவற்றுக்கு ஆகும் செலவு பொன்னாடையின் விலையைவிடக் குறைவு. உங்களைப் பற்றிய உங்கள் மதிப்பீடு மேடையில் உயர்வதில்லை. செயற்குழுவில் நீங்கள் சொன்ன கருத்து விவாதிக்கப்படும்போதுதான் உயரும்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்து முடித்தேன். விழித்திரை நோயால் என் பார்வை வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. வேலைக்குத் தொடர்ந்து விண்ணப்பிக்கிறேன். நேர்முகத் தேர்வில் பார்வையைப் பற்றிச் சொன்னதும் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. சொல்லாமல் மறைத்தால் ஏமாற்றுவதாகத் தோன்றுகிறது. வெள்ளைக் கைத்தடி வாங்கி வைத்திருக்கிறேன்; ஆனால் எம்ஆர்டி ரயிலில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று பைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மறுப்புக்கும் பிறகு என்னை நானே தேற்றிக்கொள்வது வரவரக் கடினமாக இருக்கிறது.
– உட்லண்ட்ஸ் வாசகி, வயது 23

பதில்: முதலில் கைத்தடியைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மிகவும் கனமாக இருப்பது அதுதான். கைத்தடியை மறைத்துக்கொண்டு போகும் ஒருவர் நாள்முழுதும் என்ன செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். படிக்கட்டில் தயங்குகிறார், எதிரே வருபவர்மீது மோதி மன்னிப்புக் கேட்கிறார், ரயிலின் இடைவெளியைக் காலால் தடவிப் பார்க்கிறார், யாராவது கவனித்துவிட்டார்களா என்று வேறு கவலைப்படுகிறார். இத்தனையும் முடிந்து நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும்போது இதயம் படபடக்கிறது, கை வியர்த்திருக்கிறது. முதல் பதிலில் சொன்ன நான்காவது ஊற்று இதுதான்: களைத்துப் பதறும் உடலைப் பார்த்து, ‘எனக்கு இந்த வேலை வராது போலிருக்கிறது’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பதற்றம் பயணத்தால் வந்தது; பழி திறமையின்மீது விழுகிறது. தோ பாயோ ரைசில் உள்ள சிங்கப்பூர்ப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்கி வருகிறது. கைத்தடியை வைத்து வழியறிந்து நடக்க அங்கே முறையாகப் பயிற்சி பெறலாம். தம்மைப் போன்ற குறையுள்ளவர்கள் கணினி முன்னால் அமர்ந்து இயல்பாக வேலை செய்வதையும் அதுபோன்ற இடங்களில் நேரில் காணலாம். நூறு அறிவுரைகளைவிட அந்தக் காட்சி அதிகம் உதவும்.

வேலை தருபவரிடம் சொல்வதா, மறைப்பதா என்பதில் என் கருத்து தெளிவானது: வேலையைச் செய்யும் முறை மாறும் என்றால் சொல்லிவிடுவதே நல்லது, ஆனால் நோயின் கதையாகச் சொல்லக்கூடாது. ‘எனக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது’ என்ற வாக்கியத்தோடு நிறுத்தினால், எதிரில் இருப்பவர் மீதியைத் தம் அச்சத்தால் நிரப்பிக்கொள்வார். அடுத்த வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும்: ‘திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தி இந்த வேலையை இப்படிச் செய்வேன், இரண்டு நிமிடம் கொடுத்தால் காட்டுகிறேன்.’ பிறகு மடிக்கணினியைத் திறந்து காட்டிவிடுங்கள். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் தொடங்கிய என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. விலையுள்ள கருவிகள் தேவைப்பட்டால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசாங்கத்தின் உதவிச் சாதன நிதி விலையில் 90 விழுக்காடு வரை ஏற்கும். ஒருவர் வாழ்நாளில் பெறக்கூடிய உச்சவரம்பு 40,000 வெள்ளி. ரெட்ஹில் வட்டாரத்தில் லெங்கோக் பாருவில் உள்ள, உடற்குறையுள்ளோருக்கான எனேபலிங் வில்லேஜ் வளாகத்துக்குப் போனால் கருவிகளைத் தொட்டுப் பார்த்து, முயன்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். முதலாளிகளுக்குத் தெரியாத ஒரு கணக்கையும் நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்: மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் உடற்குறையுள்ள ஊழியரின் சம்பளத்தில் 20 விழுக்காடுவரை, மாதத்துக்கு 400 வெள்ளி என்ற வரம்புக்கு உட்பட்டு, அரசாங்கம் முதலாளிக்கு ஈடுசெய்கிறது.

மறுப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றுள் எத்தனை உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு, எத்தனை அவர்களுடைய அறியாமை என்று உங்களால் பிரித்தறிய முடியாது. எல்லாவற்றையும் உங்கள்மீதே போட்டுக்கொள்வது அடக்கமும் அன்று, நேர்மையும் அன்று, கணக்கே தவறு. உடற்குறையுள்ளோரில் வேலை பார்ப்பவர்களின் விகிதத்தை 2030க்குள் 40 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அந்த எண்ணைத் தலைகீழாகப் படித்தால் உங்கள் முன்னால் இருக்கும் சுவரின் உயரம் தெரியும். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததும், உடற்குறையைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கும், முதற்கட்டமாக 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில். சுவர் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது.

தேற்றிக்கொள்வதற்கு ஒரு நடைமுறை யோசனை. கல்லூரியில் நீங்கள் எழுதிய நிரல், விரிவுரையாளர் பாராட்டி அனுப்பிய மின்னஞ்சல், குழுத்திட்டத்தில் நீங்கள் தீர்த்த சிக்கல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். மறுப்புக் கடிதம் வந்த நாளில் அதைத் திறக்க வேண்டாம், அன்று எதுவும் உறைக்காது. அடுத்த நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு படியுங்கள்.

கேள்வி: என் மகனுக்குத் தசைச்சிதைவு நோய். வயது 19; மின்சக்கர நாற்காலியில் கல்லூரிக்குப் போய் வருகிறான். நன்றாகப் படிக்கிறான், ஆனால் வெளியே வந்தால் வாயைத் திறப்பதில்லை. உணவங்காடியில்கூடக் கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான், ‘தம்பிக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கிறார், நானும் சொல்லிவிடுகிறேன். சிறு சிறு வெற்றிகளால் நம்பிக்கை வளரும் என்று முன்பு இப்பகுதியில் படித்தேன். என் மகனுடைய கைகளோ ஆண்டுக்கு ஆண்டு பலம் குறைந்து வருகின்றன. நேற்று முடிந்தது இன்று முடியாமல் போகும் பிள்ளைக்கு எந்த வெற்றியைக் காட்டுவது? எங்களுக்குப் பின் அவன் என்ன செய்வான்?
– பொங்கோல் தாய்

பதில்: அம்மா, உங்கள் கேள்வி ஈசூன் வாசகருக்கு நான் எழுதிய பதிலின் எல்லையைச் சரியாகத் தொடுகிறது. அவருடைய கை மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. உங்கள் மகனிடம், ‘நேற்றைவிட இன்று ஒரு படி மேலே’ என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், அவருக்கும் அது தெரியும். தசையைக் கொண்டு அளக்கும் வெற்றி அவரைப் பொறுத்தவரை தேய்ந்துகொண்டே போகும். ஆகவே அளவுகோலை வேறிடத்தில் வைக்க வேண்டும்: தீர்மானிப்பதில், கேட்பதில், பேரம் பேசுவதில், பிறரைக் கொண்டு வேலையை முடிப்பதில். கரண்டியைத் தாமே தூக்க முடியாத ஒருவர், எதை, எப்போது, யார் ஊட்ட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்யலாம். உதவி பெறுவதும் பிறரைச் சார்ந்தே முடிவெடுப்பதும் வெவ்வேறு. இவ்விரண்டையும் நம் குடும்பங்களில் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். உடம்பைத் தூக்குபவர் வாயையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூவை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். நரம்பும் தசையும் படிப்படியாக வலுவிழக்கும் நிலை அவருக்கும் உண்டு. 2008 பெய்ஜிங் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் எஸ்3 பிரிவில் (எண் குறையக் குறைய உடற்குறை அதிகம் என்று பொருள்) தங்கம் வென்றவர், உடல் மேலும் பலவீனமானபின் 2016 ரியோவில் எஸ்2 பிரிவில் நீந்தி வென்றார். 2024 பாரிஸ் வரை மொத்தம் ஏழு தங்கங்கள். மகன் பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அப்படி ஒரு சுமையை அவர்மீது ஏற்றிவிடாதீர்கள். குறைந்துகொண்டே வரும் உடலிலும் அந்தந்தக் காலத்துக்கான திறமையைப் புதிதாகக் கற்க முடியும் என்பதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். அதைவிட அருகிலிருக்கும் சான்று, மகனுக்குள்ள அதே நோயுடன் அவரைவிட ஐந்தாறு வயது மூத்த ஒருவர். சிங்கப்பூர்த் தசைச்சிதைவு நோய்ச் சங்கத்தில் அத்தகையவர்களைச் சந்திக்கலாம். நீங்கள் வாசலோடு நின்றுகொள்ளுங்கள். தாயின் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் அந்த வயதில் நிறைய இருக்கும்.

உணவங்காடியில் தொடங்கலாம். கடைக்காரர் உங்களைக் கேட்கும்போது பதில் சொல்லாமல் மகனைப் பாருங்கள். முதல் சில முறை சங்கடமான மௌனம் இருக்கும், வரிசையில் நிற்பவர் உச்சுக் கொட்டுவார், தவறான உணவு வந்து சேரும். அதைத் திருப்பிக் கொடுப்பதா, சாப்பிடுவதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பிறகு பேருந்து: நம் பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறலாம், சாய்தளத்தை விரித்துத் தர ஓட்டுநர் இறங்கி வருவார். ஓட்டுநரிடம் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று சொல்வது மகனுடைய பொறுப்பு. வீட்டிலும் ஒரு துறையை அவரிடம் முழுமையாக விட்டுவிடுங்கள். மருத்துவ முன்பதிவுகளும் மருந்துக் கணக்கும் நல்ல தொடக்கம். மருத்துவர் அறையில் முதலில் பேசுபவர் அவராக இருக்கட்டும், விட்டுப்போனதை நீங்கள் கடைசியில் சேர்க்கலாம். அவர் மறந்து ஒரு முன்பதிவு தவறிப்போனால் நீங்கள் ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள். மூச்சு, இதயம் தொடர்பான பரிசோதனைகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை இருவரும் சேர்ந்தே கவனியுங்கள்.

‘எங்களுக்குப் பின்’ என்ற கேள்வியை அவரிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அவர் அதை உங்களுக்கு முன்பே யோசித்திருப்பார். 2008இல் தொடங்கப்பட்ட சிறப்புத் தேவையுள்ளோருக்கான அறக்கட்டளை நிறுவனம், பெற்றோர் விட்டுச்செல்லும் பணத்தை அவர்களுக்குப் பிறகு பிள்ளையின் தேவைகளுக்காக நிர்வகிக்கிறது. எவ்வளவு பணம், எதற்கு, எந்த இடைவெளியில் என்பதைப் பராமரிப்புத் திட்டமாக முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மேலும் 21 வயதானதும், முடிவெடுக்கும் மனத்திறனை எப்போதாவது இழக்க நேர்ந்தால் தம் சார்பில் முடிவெடுக்கக்கூடியவர் யார் என்பதை நீடித்த அதிகாரப் பத்திரத்தின் மூலம் அவரே நியமிக்கலாம். அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. பராமரிப்புத் திட்டத்துக்கோ காத்திருக்கத் தேவையில்லை. முதல் சந்திப்புக்கு நீங்களும் கணவரும் மட்டும் போகாமல் மகனையும் அழைத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை முந்தைய நாளே அவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.